ஈரி இன்சூரன்ஸ்: ஏரிக்கரை கம்பெனி ஒன்று 100 ஆண்டில் வளர்ந்த விதம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒஹையோ, பென்சில்வேனியா பக்கம் புதிதாக வீடு வாங்கும் நம்மவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வீட்டுக்கும் காருக்கும் சேர்த்து ஈரின்னு ஒரு கம்பெனி கொட்டேஷன் குடுத்திருக்கு. விலை பரவாயில்லை. ஆனா கலிஃபோர்னியாவுல இருக்கற என் தம்பி அந்தப் பேரையே கேள்விப்பட்டதில்லைங்கறான். நம்பலாமா?"

நான் அந்தக் கம்பெனியில் வேலை பார்ப்பவன் இல்லை, ஏஜென்ட்டும் இல்லை. காப்பீட்டுக் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு. குடியிருப்பது கொலம்பஸ் பக்கம். இந்த ஒரு கம்பெனி எப்படி வளர்ந்தது என்று புரிந்துகொண்டால், நாம் ஆண்டுதோறும் கட்டும் பணம் எங்கே போகிறது, ஏன் ஏறுகிறது என்பதெல்லாம் தானாகவே விளங்கும். அதனால்தான் கேட்டவர்களுக்குச் சொன்னதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஈரி என்பது ஊர்ப் பெயரா, கம்பெனிப் பெயரா?

இரண்டும்தான். பென்சில்வேனியா மாநிலத்தின் வடமேற்கு மூலையில், ஈரி ஏரியின் தென்கரையில் இருக்கும் ஊர் ஈரி. மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தொடாது. ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ரயில் எஞ்சின் தொழிற்சாலையை நம்பி ஒரு காலத்தில் பாதி ஊர் வாழ்ந்தது. அது 2019-ல் வேப்டெக் கைக்கு மாறியது. ஏரிக்காற்று கொண்டுவந்து கொட்டும் பனிக்கும் இந்த ஊர் பேர்போனது. 2017 கிறிஸ்துமஸ் அன்று ஒரே நாளில் 34 அங்குலம் பனி விழுந்தது. நின்றால் தொடைக்கு மேல் வரும்.

தலைமையகம் இன்றைக்கும் அந்த ஊரில்தான் இருக்கிறது. கம்பெனி வளர்ந்த பிறகு நியூயார்க்குக்கோ சிகாகோவுக்கோ போய்விடவில்லை. கூரையில் பனி தேங்கி, உருகி, ஓரத்தில் மறுபடி உறைந்து, ஓட்டுக்கு அடியில் தண்ணீர் ஏறி, கடைசியில் உள்கூரையில் மஞ்சள் கறை விழும் க்ளெய்மை அந்த ஊரில் உட்கார்ந்திருப்பவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அவர் வீட்டிலும் அது நடந்திருக்கும்.

யார் தொடங்கினார்கள்? முதல் எங்கிருந்து வந்தது?

எச். ஓ. ஹர்ட், ஓ. ஜி. க்ராஃபோர்ட் என்ற இரண்டு விற்பனையாளர்கள். இருவரும் பென்சில்வேனியா இண்டெம்னிட்டி எக்ஸ்சேஞ்ச் என்ற காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். இதைவிட நன்றாக நம்மால் நடத்த முடியும் என்று தோன்றவே வெளியே வந்து, 1925 ஏப்ரல் 20 அன்று சொந்தமாகத் தொடங்கினார்கள். பெரிய வங்கி எதுவும் பின்னால் இல்லை. 90 பேரிடம் கேட்டுத் திரட்டிய 31,000 டாலர்தான் முதல்.

காலத்தையும் பார்க்க வேண்டும். 1925-ல் ஃபோர்டின் மாடல் டி காரில் ஆகக் குறைந்த விலை 260 டாலர். கடைக்காரர், விவசாயி, பள்ளி ஆசிரியர் என்று எல்லாரும் கார் ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் எந்த மாநிலத்திலும் கார் காப்பீடு கட்டாயமாக இல்லை. முதன்முதலில் கட்டாயமாக்கிய மாசச்சூசெட்ஸிலேயே அது 1927-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் ஒவ்வொரு பாலிசியையும் வீடு வீடாகப் போய், ஏன் வேண்டும் என்று விளக்கித்தான் விற்க வேண்டியிருந்தது.

அதே பத்தாண்டில் அக்கம்பக்கத்து மாநிலங்களிலும் இதே மாதிரி முளைவிட்டது. 1922-ல் இல்லினாயில் ஜி. ஜே. மெக்கெர்ல் என்ற விவசாயி, கிராமத்து வண்டியோட்டிகள் நகரத்துக்காரர்களின் விபத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டுவது அநியாயம் என்று சொல்லி ஸ்டேட் ஃபார்மைத் தொடங்கினார். 1926-ல் ஒஹையோ விவசாயிகள் சங்கம் ஒரு கார் காப்பீட்டுக் கம்பெனியைத் தொடங்கியது. 1955-ல் அதற்கு நேஷன்வைட் என்று பெயர் மாறியது. மூன்றும் ஏறத்தாழ ஒரே வயது. அந்த இரண்டும் நாடு முழுக்கப் பரவின. ஈரி பரவவில்லை. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

1930-களின் பெருமந்தத்தில் எப்படித் தாக்குப்பிடித்தது?

1931-ல் ஹர்ட் தலைமைக்கு வந்தார். 1934-ல் 'சூப்பர் ஸ்டாண்டர்ட்' என்ற கார் பாலிசியைக் கொண்டுவந்தார். மற்ற கம்பெனிகள் தனித்தனியாகக் காசு வாங்கிய சில பாதுகாப்புகளை இதில் கூடுதல் கட்டணம் இல்லாமல் சேர்த்திருந்தார்கள். ஊரே காசில்லாமல் தவித்தபோது, அதே விலைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்த கம்பெனி நிலைத்து நின்றது.

தொடங்கியபோது எழுதிவைத்த நோக்கம் இன்றும் அவர்களிடம் இருக்கிறது: மனிதரால் முடிந்த அளவு குறையில்லாத பாதுகாப்பு, குறையில்லாத சேவை, அதுவும் முடிந்த அளவு குறைந்த செலவில். இந்த மாதிரி வாசகங்களை எல்லாக் கம்பெனியும் வரவேற்பறையில் மாட்டிவைக்கும். இங்கே எனக்குப் பிடித்தது 'மனிதரால் முடிந்த அளவு' என்ற ஒப்புதல்தான்.

'ரெசிப்ரோக்கல் எக்ஸ்சேஞ்ச்' என்று பாலிசியில் போட்டிருக்கிறதே, அது என்ன?

இதுதான் முக்கியமான கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஊரில் சீட்டு பிடிப்பது நமக்கெல்லாம் தெரியும். இருபது பேர் சேருவார்கள். மாதாமாதம் போடும் பணம் அந்த இருபது பேருடையது. நடத்துபவர் ஒருவர் இருப்பார். பணம் வசூலிப்பது, கணக்கு எழுதுவது, ஏலம் விடுவது எல்லாம் அவர் பொறுப்பு. அதற்குக் கமிஷன் எடுத்துக்கொள்வார். இந்தியச் சட்டத்தில் அது 5 சதவீதமாக இருந்து, 2019 திருத்தத்தில் 7 ஆனது. சீட்டுப் பணம் அவருடையது ஆகிவிடாது.

ரெசிப்ரோக்கல் காப்பீட்டின் எலும்புக்கூடும் ஏறத்தாழ இதேதான். அமெரிக்காவில் இது 1881-ல் நியூயார்க் துணி வியாபாரிகளிடம் தொடங்கியது. தங்கள் கிடங்குகளை நன்றாகப் பராமரித்தும் தீக் காப்பீட்டுக்கு அதிகம் கட்டுகிறோம் என்று நினைத்தவர்கள், ஒருவர் கிடங்கு எரிந்தால் மற்றவர்கள் பகிர்ந்து கொடுப்பது என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஈரியில் பாலிசி எடுக்கும்போது நீங்கள் ஈரி இன்சூரன்ஸ் எக்ஸ்சேஞ்ச் என்ற அந்தக் கூட்டத்தில் ஓர் ஆளாகச் சேர்கிறீர்கள். உங்கள் கார் இடித்தால் மற்றவர்கள் கொடுக்கிறார்கள். மற்றவர் வீடு எரிந்தால் உங்கள் பணமும் போகிறது.

சீட்டு நடத்துபவரின் இடத்தில் இருப்பது ஈரி இண்டெம்னிட்டி என்ற தனிக் கம்பெனி. பாலிசி எடுக்கும்போது கையெழுத்துப் போடும் காகிதங்களில், உங்கள் சார்பில் செயல்பட அந்தக் கம்பெனிக்கு நீங்கள் கொடுக்கும் அதிகாரமும் இருக்கும். பெரும்பாலோர் படிக்காமலே போட்டுவிடுகிறோம். சட்டப்படி அந்தக் கையெழுத்தில்தான் முழுக் கட்டிடமும் நிற்கிறது.

நடத்துபவருக்கு எவ்வளவு?

பிரீமியத்தில் 25 சதவீதம் வரை. நீங்கள் 100 டாலர் கட்டினால் 25 வரை நிர்வாகக் கம்பெனிக்குப் போகும். ஏஜென்ட் கமிஷன், பாலிசி தயாரிக்கும் செலவு, அதற்கான ஆட்களின் சம்பளம், கணினி எல்லாம் அதிலிருந்துதான். மீதி எக்ஸ்சேஞ்சில் தங்கும். க்ளெய்ம் கொடுப்பது அதிலிருந்து.

7 சதவீதத்தோடு வைத்துப் பார்த்தால் 25 பெரிதாகத் தெரியும். ஆனால் சீட்டில் இடைத்தரகர் கமிஷன் கிடையாது, ஒவ்வொரு பாலிசிக்கும் ஆபத்தை எடைபோடும் வேலையும் கிடையாது. பங்குதாரர்கள் நடத்தும் சாதாரணக் காப்பீட்டுக் கம்பெனிகளிலும் நிர்வாகச் செலவும் கமிஷனும் சேர்ந்தால் 25 சதவீதத்தை ஒட்டி வருவது வழக்கம்தான்.

என் கவலை வேறு இடத்தில். நிர்வாகக் கட்டணம் பிரீமியத்தின் மேல் கணக்கிடப்படுகிறது. பிரீமியம் ஏறினால் அதுவும் ஏறும். எக்ஸ்சேஞ்ச் வாங்கிய பிரீமியத்தைவிட அதிகமாகச் செலவழித்து நஷ்டப்பட்ட அண்மை ஆண்டுகளிலும் இண்டெம்னிட்டி லாபம் காட்டியது. அந்தக் கம்பெனியின் பங்கு 1995-லிருந்து நாஸ்டாக்கில் வாங்கி விற்கப்படுகிறது. வாக்குரிமை பெரும்பாலும் ஹர்ட் குடும்ப அறக்கட்டளையிடம். இந்தக் கட்டணம் நியாயமா என்று பாலிசிதாரர்கள் சிலர் நீதிமன்றத்துக்கே போயிருக்கிறார்கள். நான் பாலிசிதாரனாக இருந்தால் ஆண்டறிக்கையில் முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான்.

கார் காப்பீட்டில் தொடங்கிய கம்பெனி வீட்டுக்கு எப்படி வந்தது?

இன்று வீட்டுப் பாலிசி என்றால் தீ, புயல், திருட்டு, வழுக்கி விழுந்த விருந்தாளி தொடுக்கும் வழக்கு எல்லாம் ஒரே காகிதத்தில் இருக்கிறது. 1950-க்கு முன் அப்படி இல்லை. தீக்கு ஒரு பாலிசி, திருட்டுக்கு ஒன்று, பிறர் தொடுக்கும் வழக்குக்கு ஒன்று என்று தனித்தனியாக வாங்க வேண்டும். ஒரே கம்பெனி எல்லாவற்றையும் விற்க மாநிலச் சட்டங்களே அனுமதிக்கவில்லை. அந்தத் தடை விலகியதும், ஃபிலடெல்ஃபியாவின் இன்சூரன்ஸ் கம்பெனி ஆஃப் நார்த் அமெரிக்கா 1950-ல் எல்லாவற்றையும் சேர்த்து முதல் வீட்டுப் பாலிசியைக் கொண்டுவந்தது. போர் முடிந்து திரும்பிய வீரர்கள் புறநகர்களில் வீடு வாங்கிக்கொண்டிருந்த நேரம். வீட்டுக் கடன் கொடுத்த வங்கி காப்பீடு கேட்டது. காருக்கு ஏற்கெனவே ஒரு ஏஜென்ட் தெரியும். வீட்டுக்கும் அவரையே கேட்டார்கள்.

கம்பெனியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதில் பெரிய லாபம் இருக்கிறது. கார் மட்டும் வைத்திருப்பவர் 50 டாலர் குறைந்தால் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவார். வீடும் காரும் ஒரே இடத்தில் வைத்திருப்பவர் லேசில் அசைய மாட்டார். சேர்த்து வாங்கினால் தள்ளுபடி கொடுப்பது அதற்குத்தான். காரில் வரும் நஷ்டம் சின்னச் சின்னதாக, அடிக்கடி வரும். முன்கூட்டிக் கணக்குப் போடலாம். வீட்டில் பத்து வருடம் ஒன்றும் வராது. ஆலங்கட்டி மழை ஒரு மாலை அடித்தால் ஒரே தெருவில் நாற்பது கூரை போகும்.

100 ஆண்டாகியும் 12 மாநிலத்தோடு ஏன் நின்றுவிட்டது?

பென்சில்வேனியா, ஒஹையோ, நியூயார்க், மேரிலாந்து, வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா, வட கரோலினா, டென்னஸி, கென்டக்கி, இண்டியானா, இல்லினாய், விஸ்கான்சின். கூடவே தலைநகர் வாஷிங்டன். வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். ஓரத்தில் இருக்கும் விஸ்கான்சினும் இல்லினாயைத் தொடும். பக்கத்து வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போவது மாதிரிப் போயிருக்கிறார்கள்.

இதற்குச் சட்டம் ஒரு காரணம். 1945-ல் வந்த மெக்கேரன்-ஃபெர்குசன் சட்டப்படி காப்பீட்டைக் கண்காணிப்பது மாநிலங்களின் வேலை. புதிய மாநிலத்தில் நுழைய வேண்டுமானால் அந்த மாநிலத்தின் அனுமதி, அதற்கேற்ற பாலிசி வாசகம், அதற்கேற்ற விலைப்பட்டியல், அங்கே ஏஜென்ட்கள், அங்கே க்ளெய்ம் பார்க்கும் ஆட்கள் எல்லாம் புதிதாக வேண்டும். என் வேலையில் இதை நேரில் பார்க்கிறேன்: ஒரு மாநிலத்தைச் சேர்ப்பது என்றால் மென்பொருளில் மட்டுமே மாதக்கணக்கில் வேலை.

பக்கத்திலேயே இருந்தும் அவர்கள் போகாத இடங்களைப் பாருங்கள். மிச்சிகன் அடுத்த வீடு. ஆனால் அங்கே 2020 வரை கார் விபத்தில் அடிபட்டவரின் மருத்துவச் செலவுக்கு உச்சவரம்பே இல்லை. வாழ்நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும். ஒரே விபத்து முப்பது வருடம் தொடரலாம். நியூ ஜெர்சியிலும் இல்லை. ஃப்ளோரிடா பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. இவை ஒவ்வொன்றுக்கும் என்ன காரணம் என்று கம்பெனிதான் சொல்ல வேண்டும். என் கணிப்பில், தனக்குப் புரியாத ஆபத்தை விற்பனைக்காக வாங்கிக்கொள்ளாத குணம் அது.

அப்படிப் போகாமல் இருந்தது சரியா?

1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் தெற்கு ஃப்ளோரிடாவில் அடித்தபோது 11 காப்பீட்டுக் கம்பெனிகள் திவாலாயின. பல ஆண்டுகள் பெரிய புயல் வராததால், அங்கே பாலிசி விற்பது சுலபப் பணமாகத் தெரிந்திருந்தது. ஸ்டேட் ஃபார்மின் தீக் காப்பீட்டுப் பிரிவே ஆட்டம் கண்டது. தாய்க் கம்பெனி பணம் போட்டுத்தான் தூக்கி நிறுத்தியது. அதே ஸ்டேட் ஃபார்ம் 2023 மே மாதம் கலிஃபோர்னியாவில் புதிய வீட்டுப் பாலிசிகளை நிறுத்தியது. 2024 மார்ச்சில் 72,000 பாலிசிகளைப் புதுப்பிக்க மாட்டோம் என்றது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் தீ வந்தது. அங்கே இருக்கும் நம் நண்பர்கள் சிலர் புதுப்பிக்க மறுத்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றதைக் கேட்டபோது வருத்தமாக இருந்தது.

அதற்காகச் சிறிய வட்டத்துக்குள் இருப்பது பத்திரம் என்றும் சொல்லிவிட முடியாது. நாடு முழுக்கப் பரவிய கம்பெனிக்கு ஓரிடத்து நஷ்டத்தை இன்னோரிடத்து லாபம் ஈடுகட்டும். ஈரிக்கு அந்த வசதி குறைவு. இந்த 12 மாநிலத்திலும் ஒரே வருடம் ஆலங்கட்டியும் சூறைக்காற்றும் கடுமையாக வந்தால் முழு அடியும் அதன் தலையில்தான் விழும். அதற்காகத்தான் மறுகாப்பீடு, அதாவது காப்பீட்டுக் கம்பெனியே இன்னொரு கம்பெனியிடம் எடுக்கும் காப்பீடு, வாங்குகிறார்கள். அந்த மறுகாப்பீட்டு விலையும் அண்மை ஆண்டுகளில் நன்றாக ஏறிவிட்டது.

வேகமாக வளர்வது நல்லதுதானே? ஏன் நிதானம்?

சோப்புக் கம்பெனி இரண்டு மடங்கு விற்றால் லாபமும் கூடும். காப்பீட்டுக் கம்பெனிக்கு அப்படி இல்லை. சரக்குக்கு என்ன அடக்கவிலை என்பது விற்று ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜனவரி 1 அன்று நீங்கள் முழு வருடத்துக்கு 1,200 டாலர் கட்டுகிறீர்கள். மார்ச் முடிவில் கம்பெனி தன் வருமானம் என்று சொல்லிக்கொள்ளக்கூடியது 300 மட்டும். மீதி 900 இன்னும் உங்களுக்குத் தர வேண்டிய பாதுகாப்பு. கடன் மாதிரி ஒதுக்கி வைக்க வேண்டும். ஆனால் ஏஜென்ட் கமிஷனும் தொடக்கச் செலவும் முதல் நாளிலேயே கணக்கில் ஏறிவிடும். ஆக ஒவ்வொரு புதுப் பாலிசியும் ஆரம்பத்தில் கம்பெனியின் உபரியை, அதாவது கொடுக்க வேண்டியதெல்லாம் போக மிஞ்சும் சொந்தப் பணத்தை, கொஞ்சம் தின்னும். ஆயிரம் பேர் வந்தால் கொஞ்சம். ஒரே வருடத்தில் பத்து லட்சம் பேர் வந்தால் உபரியே கரையும். வாங்கும் பிரீமியம் உபரியைப் போல மூன்று மடங்குக்கு மேல் போகக்கூடாது என்பது கண்காணிப்பாளர்கள் நெடுநாளாகப் பார்க்கும் ஒரு தோராயக் கணக்கு.

இன்னொன்று, புதிதாக வருபவர்கள் யார் என்பது. விலை குறைவு என்றதும் ஓடிவருபவர்களில், வேறு கம்பெனி விபத்துக்காக விலையை ஏற்றிவிட்டவர்களும் இருப்பார்கள். புது வாடிக்கையாளர்களின் முதல் சில ஆண்டுகளில் க்ளெய்ம் கூடுதலாக வரும், பிறகு தணியும் என்பது இந்தத் துறையில் எல்லாரும் கண்ட அனுபவம். அதனால் பழையவர்களைப் போகவிடாமல் வைத்திருக்கும் கம்பெனிதான் நிலைத்து வளர்கிறது. ஈரியின் 'ரேட் லாக்' வசதி அந்த எண்ணத்தில் வந்தது: கார், ஓட்டுநர், முகவரி போன்றவற்றை மாற்றாத வரை கார் பிரீமியம் ஏறாது. எல்லா மாநிலத்திலும் ஒரே மாதிரி இல்லை, ஏஜென்ட்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படி மெதுவாக நடந்தே எக்ஸ்சேஞ்சின் ஆண்டு பிரீமியம் 2023-ல் 1,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. 31,000 டாலரில் தொடங்கியது என்பதை நினைத்துப் பாருங்கள். ஆனால் அந்த எண்ணில் விலையேற்றத்துக்கும் ஒரு பங்கு உண்டு; அத்தனையும் புதிய வாடிக்கையாளர்கள் என்று எண்ணிவிடக் கூடாது.

எல்லாரும் ஆன்லைனில் விற்கும்போது இவர்கள் ஏன் இன்னும் ஏஜென்ட் வழியாகவே விற்கிறார்கள்?

கைக்கோ 1936-லேயே இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக விற்கத் தொடங்கிவிட்டது. ஒஹையோவின் புரோகிரசிவ் இன்று இணையத்தில் பெரிய அளவில் விற்கிறது. ஈரி பல கம்பெனிகளுக்கும் வேலை பார்க்கும் சுதந்திர ஏஜென்ட்களை விட்டு நகரவில்லை. இப்போது 2,000-க்கு மேற்பட்ட ஏஜென்சிகள்.

இதன் பலன் என்ன என்று எனக்கு அனுபவத்தில்தான் புரிந்தது. என் முதல் வீட்டுக்கு ஒரு பெரிய கம்பெனியின் பாலிசியைப் பத்து நிமிடத்தில் கணினியில் வாங்கினேன். ஜூலை மாதப் புயலில் மின்சாரம் போய், அடித்தளத்துத் தண்ணீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் நின்றுவிட்டது. காலையில் இறங்கிப் பார்த்தால் நான்கு விரற்கடை தண்ணீர். கம்பளம் போனது, சலவை இயந்திரம் போனது. அம்மா ஊரிலிருந்து இரண்டு தடவையாகக் கொண்டுவந்து கொடுத்த கொலு பொம்மைகள் அட்டைப் பெட்டியில் கீழ்வரிசையில் இருந்தன. பண்ருட்டி மண். செட்டியாரும் செட்டியாரம்மாவும் இடுப்பு வரை கரைந்து, சாயம் தண்ணீரில் ஓடிக்கொண்டிருந்தது. க்ளெய்ம் போட்டேன். சம்ப் பம்ப் நின்று ஏறும் தண்ணீருக்குத் தனிச் சேர்க்கை வாங்கியிருக்க வேண்டும், நீங்கள் வாங்கவில்லை என்று பதில் வந்தது. வாங்கும்போது அப்படி ஒரு கட்டம் திரையில் இருந்திருக்கலாம். நான் கவனிக்கவில்லை.

அடுத்த வீட்டுக்கு ஓர் ஏஜென்ட் நேரில் வந்தார். அறுபது வயதிருக்கும். வீட்டைச் சுற்றி நடந்தவர், மழைநீர்க் குழாய் முடியும் இடத்தில் குனிந்து, மண்ணிலிருந்து கறுப்பு மணல் மாதிரி ஒரு பிடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கூரை ஓட்டின் மேல்பூச்சு உதிர்கிறது, இன்னும் நான்கைந்து வருடம்தான் தாங்கும் என்றார். அப்புறம் கேட்ட முதல் கேள்வி, "அடித்தளத்தில் சம்ப் பம்ப் இருக்கிறதா?" அந்த ஒரு கேள்விக்காக அவருக்கு எவ்வளவு கமிஷன் கொடுத்தாலும் தகும் என்று அன்று எனக்குத் தோன்றியது.

கம்பெனிக்கும் இதில் லாபம்தான். சாய்ந்த மரம், பழுதான படி, கொல்லையில் டிராம்பொலின் எல்லாம் ஏஜென்ட்டின் கண்ணில் படும். ஆபத்தை முதலில் எடைபோடுபவர் அவரே.

அண்மையில் பிரீமியம் ஏன் இப்படி ஏறியது?

எல்லாருக்கும்தான் ஏறியது. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் கார் காப்பீட்டு விலை முந்தைய ஆண்டைவிட 20 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. பழைய கார் விலை, உதிரிபாகம், மெக்கானிக் கூலி, மருத்துவச் செலவு எல்லாம் ஏறின. முன்பு கண்ணாடி உடைந்தால் கண்ணாடி மட்டும் மாற்றினால் போதும். இப்போது அதன் பின்னால் கேமரா இருக்கிறது. மாற்றிய பிறகு அதைத் திரும்பச் சரிபார்த்து நிலைநிறுத்தத் தனிச் செலவு. பம்பரிலும் சென்சார்.

விலையேற்ற மாநில அனுமதி வேண்டும். புது விலை ஒவ்வொரு பாலிசியும் புதுப்பிக்கும்போதுதான் அமலாகும். இடைப்பட்ட காலத்தில் கம்பெனி பழைய விலைக்குப் புதுச் செலவைக் கொடுக்கும். ஈரி எக்ஸ்சேஞ்ச் 2022 முதல் மூன்று ஆண்டுகள் 100 டாலர் பிரீமியத்துக்கு 100-க்கு மேல் செலவழித்ததற்கு இதுவும் புயல்களும் காரணம். விலையைப் பூட்டி வைத்திருந்தவர்களுக்கும் அந்தப் பூட்டு திறந்தபோது மொத்தமாக ஏறியது.

2025-ல் ஏதோ கணினிப் பிரச்சினை என்றார்களே?

ஆமாம். நூற்றாண்டு கொண்டாடிய அதே ஆண்டு ஜூன் 7 அன்று தங்கள் வலையமைப்பில் வழக்கத்துக்கு மாறான நடமாட்டத்தைக் கண்டதாக அறிவித்து, அமைப்புகளை நிறுத்தினார்கள். வாடிக்கையாளர்கள் பல நாட்கள் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியவில்லை. ஏஜென்ட்டின் தொலைபேசி எண் கையில் இருந்தவர்கள் சமாளித்தார்கள். பாலிசி நகலைக் காகிதத்தில் ஒன்று வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்குத்தான்.

இந்தியாவில் இந்த மாதிரி வட்டாரக் கம்பெனி உண்டா?

இப்போது இல்லை. ஒரு காலத்தில் சென்னை, கல்கத்தா, பம்பாய் என்று ஊருக்கு ஊர் இருந்தன. 1972-ல் பொதுக் காப்பீடு தேசியமயமானபோது 107 கம்பெனிகள் நான்காக இணைக்கப்பட்டன. சென்னைக்கு வந்தது யுனைடெட் இந்தியா. 2000-ல் தனியாருக்குத் திறந்தபோது சென்னையின் ராயல் சுந்தரம் முதலில் உரிமம் பெற்றவர்களில் ஒன்று. ஆனால் உரிமம் நாடு முழுமைக்கும். பக்கத்து மாவட்டம், அடுத்த மாநிலம் என்று படிப்படியாகப் போகும் கட்டாயம் அங்கே இல்லை.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்காதீர்கள். இந்தியாவில் 2021 ஏப்ரலிலிருந்து விற்கப்படும் பாரத் கிருஹ ரக்ஷா வீட்டுப் பாலிசியில் வெள்ளம் அடங்கும். அமெரிக்க வீட்டுப் பாலிசியில் வெள்ளம் கிடையாது. வழக்கமாக 1968-ல் தொடங்கிய மத்திய அரசின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் தனியாக வாங்க வேண்டும். சென்னையில் வெள்ளத்தைப் பார்த்துவிட்டு இங்கே வந்தவர்கள்கூட இதைத் தெரியாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, கடைசியில் நான் வாங்கலாமா, வேண்டாமா?

உங்கள் மாநிலம் அந்த 12-ல் இருந்தால் ஒரு கொட்டேஷன் வாங்குங்கள். கூடவே வேறு இரண்டு கம்பெனியிலும் அதே இழப்பீட்டு வரம்பு, அதே டிடக்டிபிளுக்கு (நஷ்டத்தில் முதலில் நம் கையிலிருந்து போடும் தொகை) கேளுங்கள். இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது. அடுத்த சில ஆண்டில் டெக்ஸாஸுக்கோ நியூ ஜெர்சிக்கோ வேலை மாறும் எண்ணம் இருந்தால், இந்தக் கம்பெனி உங்களோடு வராது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஏஜென்ட் வரும்போது இவற்றைக் கேளுங்கள். சம்ப் பம்ப், சாக்கடை வழியாக ஏறும் தண்ணீருக்குச் சேர்க்கை உண்டா, எவ்வளவு டாலர் வரை? கூரை போனால் புது விலை தருவார்களா, தேய்மானம் கழித்தா? ஆலங்கட்டிக்குத் தனி டிடக்டிபிளா? ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து ஆறு மாதம் தங்கும்போது அவர்கள் கார் ஓட்டினால் பாலிசியில் சேர்க்க வேண்டுமா? பதிலை வாயால் கேட்டுக்கொண்டு விட்டுவிடாமல் மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல ஏஜென்ட் அன்று மாலைக்குள் அனுப்பிவிடுவார்.